கையெழுத்துப் போடும் முன் ஒரு காலை வகுப்பில் வந்து உட்காருங்கள்

பிரான்சின் பகுதியான ரெயூனியன் தீவின் கிழக்குக் கரையில், நம் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியின் தமிழ்ப் பெற்றோர் அனைவருக்கும்,

வணக்கம்.

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடியக் காத்திருந்தபோது ஒரு காகிதம் கைமாறிக்கொண்டிருந்தது. மேரிக்கும் (நகராட்சி அலுவலகத்துக்கும்) கல்வி ஆய்வாளருக்கும் அனுப்பப்போகிற விண்ணப்பம். ஃபிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியரின் முறையில் நம் பள்ளியில் நடக்கும் வயது கலந்த வகுப்புகளை அடுத்த ஆகஸ்ட் முதல் நிறுத்த வேண்டும், மற்றப் பள்ளிகளைப் போலப் பாடப்புத்தகம், மதிப்பெண், வீட்டுப்பாடம் எல்லாம் வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இருந்த பெயர்களில் பாதி என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்களின் பெயர்கள். என்னிடமும் பேனாவை நீட்டினார்கள். நான் போடவில்லை. ஏன் என்று நின்று விளக்க அப்போது முடியவில்லை, மழை வேறு பிடித்துக்கொண்டது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

பள்ளிக்கு எழுதுவதாக இருந்தால் பிரெஞ்சில் எழுதியிருப்பேன். இது உங்களுக்கு. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்த நாம் மேரியில் பிரெஞ்சு பேசுகிறோம், சந்தையில் தீவின் மொழியான கிரெயோல் பேசுகிறோம். ஆனால் பிள்ளையின் படிப்பைப் பற்றிய பயத்தைத் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம்.

அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. 2019-இல் என் மகள் இந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தபோது, மூன்றே மாதத்தில் ஆய்வாளருக்கு இதே மாதிரி ஒரு கடிதம் எழுதியவள் நான். உங்களுடைய விண்ணப்பத்தைவிடக் காரமாகவே எழுதினேன். "என் மகள் இங்கே விளையாடிக்கொண்டிருக்கிறாள்" என்று தொடங்கினேன். என் கணவர்தான், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை டீச்சரைப் பார்த்துப் பேசிவிடு என்றார். அந்தக் கடிதம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

நான் காரைக்காலில் அரசுப் பள்ளியில் படித்தவள். எங்கள் வீட்டில் படிப்பு என்றால் நோட்டு. பக்கம் நிறைய எழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக், மாதம் ஒரு முறை அப்பா கையெழுத்துப் போடும் ரேங்க் கார்டு. அப்பாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் அந்த டிக் அவருக்குப் புரியும். பெண் ஒழுங்காகப் படிக்கிறாள் என்று அந்தச் சிவப்பு மை அவரிடம் சொல்லிவிடும். நம்மில் பெரும்பாலானோர் அப்படி வளர்ந்தவர்கள்தான். தேர்வு எழுதி, வேலை தேடி, கடல் தாண்டி வந்து நின்றோம். நம்மை ஏற்றிவிட்ட ஏணி அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அதனால்தான் இங்கே மகளின் பையைத் திறந்து பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாடப்புத்தகம் இல்லை. ஒரு தாள் இருந்தது. அந்த வாரத்துக்கான வேலைகள் அதில் கட்டம் கட்டமாக இருந்தன. முடித்ததற்கு வண்ணம் தீட்டியிருந்தாள். சில கட்டங்கள் காலி. காலியாக இருந்ததற்கு யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் பக்கத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன், எதிரே எட்டு வயதுப் பெண். மூன்று வகுப்பும் ஒரே அறையில். "எங்கள் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே" என்று என் மாமியாரிடம் போனில் புலம்பினேன்.

சரி, அதற்கு முன் இருந்த பள்ளி எப்படி இருந்தது? அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "சாதாரணப் பள்ளி" என்று நாம் சொல்வது எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாங்கள் வேறு ஊரில் இருந்தபோது மகள் அங்கே மழலையர் வகுப்பில் படித்தாள். அவள் பிரெஞ்சு பேசத் தாமதமாகிறது என்று என்னை அழைத்து, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்றார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். நாங்கள் கேட்டோம். ஒரு வருடம் முழுக்க அவளிடம் என் தப்பும் தவறுமான பிரெஞ்சில் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை காரைக்காலிலிருந்து என் அம்மா போன் பண்ணினால், பிள்ளை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அம்மா அந்தப் பக்கத்திலிருந்து "சாப்பிட்டியா கண்ணு" என்று நாலு தடவை கேட்பாள். பதில் வராது. அந்த ஒரு வருடத்தை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் மெத்ரெஸ், அதாவது டீச்சர், என் மகளிடம் கேட்ட கேள்வி, "உன் வீட்டில் என்னென்ன மொழி பேசுவீர்கள்?" மகள் வீட்டுக்கு வந்து என்னிடம், "அம்மா, நமக்குத் தமிழ் இருக்குன்னு சொல்லலாமா?" என்று கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை அனுமதி கேட்கிறது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியும் மூன்று மாதம் கழித்துப் புகார்க் கடிதம் எழுதினேன் என்றால், பயம் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

என் மனம் மாறியது 2020 மார்ச்சில். கோவிட் வந்து பள்ளிகள் மூடப்பட்ட வாரங்கள் நினைவிருக்கிறதா? அதுவரை வகுப்பில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, இப்போது வகுப்பு என் சமையலறை மேசைக்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வேறு பள்ளிப் பையன் ஒருவன். அவனுக்குத் தினமும் பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து அவன் அம்மா கொடுப்பாள், பத்து மணிக்குள் அழுகை தொடங்கிவிடும். என் மகள் திங்கள் காலை அந்த வாரத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பென்சிலால் அந்தந்த நாளுக்குப் பிரித்துக்கொண்டாள். கணக்குக்கு அட்டைகள் இருந்தன. பின்பக்கத்தில் விடை. செய்துவிட்டு அவளே திருப்பிப் பார்த்துத் திருத்துவாள். நான் பக்கத்தில் நின்று, முதலிலேயே திருப்பிப் பார்க்கிறாளா என்று வேவு பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். பார்க்கவில்லை. "பார்த்துட்டா எனக்குத் தெரியுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இந்த வார்த்தையை நான் என் பத்தாம் வகுப்பு வரை ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்குத் தெரியுமா தெரியாதா என்பதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தவள் நான்.

அப்புறம்தான் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். செலஸ்தேன் ஃபிரெனே என்ற கிராமத்து ஆசிரியர். 1896-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டுத் திரும்பியவர். நம் புதுச்சேரி சொல்தாக்களும் (பிரெஞ்சுப் படைவீரர்களும்) போன அதே போர்தான், புதுச்சேரிக் கடற்கரையில் நினைவுச்சின்னம் நிற்கிறதே. 1920-இல் தென் பிரான்சில் பார்-சுர்-லூ என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது, நாள் முழுக்க நின்று சத்தம் போட்டுப் பாடம் நடத்த அவருடைய மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார். பார்த்ததை எழுதச் சொன்னார். ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடிக்க வைத்தார். அதை பிரெத்தாஞ் பகுதியில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார், அங்கிருந்தும் கடிதங்கள் வந்தன. அவரும் அரசுப் பள்ளி ஆசிரியர், அங்கே படித்தவர்கள் உழவர்களின் பிள்ளைகள். பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல இது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், "இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சரி, நம்ம பிள்ளைகளுக்கு ஆகாது" என்று சனிக்கிழமை ஒருவர் சொன்னார்.

நம் பிள்ளைகளுக்கு ஆகிறதா என்று நான் கண்ணால் பார்த்த ஒரு காலையைச் சொல்கிறேன்.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து "என்ன புதுசு?" என்று பேசும் நேரத்தில், மார்கழியில் ஆயா வீட்டு வாசலில் போடும் கோலத்தின் படத்தைக் காட்டியிருக்கிறாள். எல்லாரும் எப்படிப் போடுவது என்று கேட்க, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்க அம்மாவுக்குத் தெரியும்" என்றிருக்கிறாள். மெத்ரெஸ் எனக்குத் தகவல் அனுப்பினார். நான் அரிசி மாவோடு போனேன். பள்ளிக்கூடத்துக்குள் என்னை ஏதோ ஒன்று தெரிந்தவளாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

முற்றத்தில் ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு வரை வைத்தேன். நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து, நாலு. மெத்ரெஸ் ஒன்றும் விளக்கவில்லை. "மொத்தம் எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேட்டார். ஆறு வயதுச் சின்னதுகள் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணின. ஒருவனுக்கு 35 வந்தது, ஒருத்திக்கு 38. திரும்ப எண்ணினார்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் வரிசை வரிசையாகக் கூட்டினார்கள். என் மகளும் இன்னொரு பையனும் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேலேயும் கீழேயும் ஒன்றுபோல் இருக்கிறது, அதனால் ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் போதும் என்றார்கள். நாலும் ஐந்தும் ஆறும் பதினைந்து. அது இரண்டு தடவை, முப்பது. நடு வரிசை ஏழு. 37. உடனே அந்த 35 காரன் எழுந்து வந்து, "எனக்குக் காட்டு" என்றான். என் மகளோடு இருந்த பையன் அவனுக்குக் காட்டினான். சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, கோலத்தை இரண்டாக மடிப்பதுபோல் கையால் காட்டினான். நான் காட்டியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகக் காட்டியிருக்க மாட்டேன்.

அடுத்து ஒன்பது புள்ளி, இடைப்புள்ளி ஐந்து வரை வைத்தால் எத்தனை என்று கேட்டார். புள்ளி வைக்காமலே 61 என்று மூன்று பிள்ளைகள் சொன்னார்கள். அதில் ஒருத்தி, பெரிய பிள்ளைகளை ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த முதல் வகுப்புக் குழந்தை.

நான் இருபத்தைந்து வருடமாகக் கோலம் போடுகிறேன். அதற்குள் இப்படி ஒரு கணக்கு இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வகுப்பு செய்தித்தாளில் அந்தக் கோலம் வந்தது. "கோலம்" என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் மகள் எழுதிக் கொடுக்க, அப்படியே போட்டார்கள். பிரான்சிலிருந்து அவர்களோடு கடிதம் எழுதிக்கொள்ளும் வகுப்பு, அதை வரைந்து திருப்பி அனுப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் அம்மா போன் பண்ணியபோது மகள் நாற்பது நிமிடம் பேசினாள். பாதித் தமிழ், பாதிப் பிரெஞ்சு. அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

வயது கலந்த வகுப்பை நிறுத்துங்கள் என்று அந்த விண்ணப்பத்தில் எழுதியிருக்கும்போது எனக்கு அந்த 35 காரப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

இனி, குறைகள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

போன வருடம் மோசமான வருடம். இரண்டு ஆசிரியர்கள் இடமாற்றத்தில் போனார்கள். அரசுப் பள்ளியில் இடமாற்றம் பெரும்பாலும் புள்ளிக் கணக்கில் நடக்கிறது. பணி ஆண்டுகள், குடும்ப நிலை என்று புள்ளி கூடியவர் கேட்ட இடத்துக்கு வருகிறார். வருகிறவருக்கு இந்த முறை தெரியுமா, பிடிக்குமா என்பது அந்தக் கணக்கில் வராது. புதிதாக வந்தவர் நல்ல மனிதர், ஆனால் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு திணறினார். அதற்கு மேல் ஒருவர் நீண்ட விடுப்பில் போக, பல வாரங்கள் மாற்று ஆசிரியரே வரவில்லை. பிள்ளைகளைப் பிரித்து மற்ற வகுப்புகளில் உட்கார வைத்தார்கள். என் மகன் அந்த வகுப்பில்தான் இருந்தான். ஏழாம் வாய்ப்பாடு வரவேண்டிய வருடம் அது. வரவில்லை. இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அப்பாதான் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார்.

பள்ளி நமக்கு விளக்குவதிலும் குறை உண்டு. வருடத் தொடக்கத்தில் ஒரு மணி நேரக் கூட்டம், வேகமான பிரெஞ்சு, நிறையக் கலைச்சொல். பாதிப் பெற்றோர் தலையாட்டிவிட்டு வந்தோம். மதிப்பெண் கொடுப்பதில்லை என்றால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை வேறு எப்படியாவது நமக்குப் புரியும்படி காட்ட வேண்டும். பச்சை வட்டம், ஆரஞ்சு வட்டம் என்று ஒரு தாள் வருகிறது. என் அப்பாவுக்கு அந்தச் சிவப்பு டிக் புரிந்த அளவுக்கு எனக்கு இது புரியவில்லை.

பிள்ளைகளுக்குள் வரும் சண்டை, கேலி விஷயமும் இருக்கிறது. வாரம் ஒரு முறை பிள்ளைகளின் மன்றம் கூடுகிறது. ஒரு பிள்ளை தலைமை தாங்கும். குறையை எழுதிப் பெட்டியில் போட்டால் அங்கே பேசுவார்கள். என் மகன் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போவதை ஒருவன் கேலி செய்தான். மகன் எழுதிப் போட்டான். அந்தப் பையனைத் தலைமை ஆசிரியர் அழைத்துக் கண்டிக்க வேண்டும் என்று நான் குதித்தேன். மன்றத்தில் பேசி, அந்தப் பையன் மகன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேலி நிற்க மூன்று வாரம் ஆயிற்று, ஆனால் நின்றது. இன்றைக்கு அவனோடுதான் என் மகன் பந்து விளையாடுகிறான். ஆனால் எல்லாமே அப்படி முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம்மில் ஒரு தங்கையின் பெண்ணுக்கு நடந்தது மன்றத்தில் பிள்ளைகள் பேசித் தீர்க்கக்கூடிய விஷயமே அல்ல. பெரியவர்கள் முதல் நாளே இறங்கியிருக்க வேண்டும். அவள் மூன்று தடவை பள்ளிக்கு நடந்தாள். அவளுடைய கையெழுத்து அந்தக் காகிதத்தில் முதலில் இருப்பது எனக்குப் புரிகிறது. தங்கச்சி, உன் கோபம் நியாயமானது.

ஆனால் இந்தக் குறைகளையும், நாம் கேட்கப்போவதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆசிரியர் வரவில்லை என்பது குறை. நாம் கேட்பதோ வயது கலந்த வகுப்பை நிறுத்துவது. அதை நிறுத்தினால் மாற்று ஆசிரியர் வந்துவிடுவாரா? வயதுக்கு ஒரு வகுப்பு என்று இருக்கிற பக்கத்துப் பள்ளியிலும் போன வருடம் இதே கதைதான். புதிதாக வருகிறவருக்கு முறை தெரியவில்லை என்றால், இந்தப் பள்ளிக்கு வருகிற பணியிடங்களைப் புள்ளிக் கணக்கில் மட்டும் நிரப்பாமல், இந்த முறையில் வேலை செய்ய விரும்புகிறவர்களைத் தேர்ந்தெடுத்து நிரப்புங்கள் என்று கேட்கலாம். அப்படிக் குறிப்பிட்ட தகுதி பார்த்து நிரப்பும் பணியிடங்கள் அரசுப் பள்ளிகளில் உண்டு. அந்த விண்ணப்பத்தை எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

வீட்டுப்பாடம் பற்றி ஒரு தகவல். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 1956 டிசம்பரிலேயே பிரெஞ்சு அரசு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மற்றப் பள்ளிகளில் கொடுக்கிறார்களே என்றால், கொடுக்கிறார்கள், பெற்றோர் கேட்பதால். நம் பள்ளி அந்த விதியைக் கடைப்பிடிக்கிறது, அவ்வளவுதான். அதேபோல் முதல் மூன்று வகுப்பும் அரசுப் பாடத்திட்டத்தில் ஒரே சிக்ள், அதாவது ஒரே கட்டம்.  எந்த வழியில் கற்பிப்பது என்பதை ஆசிரியர் தீர்மானிக்கலாம் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் 2018 முதல் நாடு முழுக்க நடக்கிற தேர்வை நம் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். இங்கே ஏதோ சட்டத்துக்கு வெளியே நடக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படிக்க வருமா என்பதுதான் கடைசியில் எல்லாருடைய கவலையும். எனக்கும் அதுதான். இந்தத் தீவில் அது சின்னக் கவலை அல்ல. 2011-இல் எடுத்த கணக்கில், 16 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் எழுதப் படிக்கத் தடுமாறுகிறார்கள் என்று வந்தது.  அவர்களில் பலர் வரிசையாக உட்கார்ந்து, பலகையைப் பார்த்து எழுதியவர்கள்தான்.

என் மகன் முதல் வகுப்பில் கிறிஸ்துமஸ் விடுமுறை வரைக்கும் படிக்கவில்லை. காரைக்காலில் அவன் வயதுச் சித்தி மகன் இங்கிலீஷ் பத்தியை ஒப்பித்து வீடியோ அனுப்புகிறான், இவன் தான் சொன்ன வாக்கியத்தை மெத்ரெஸ் எழுதிக் கொடுத்தால் அதை மட்டும் அடையாளம் கண்டுபிடிக்கிறான். எனக்கு மகளின் அனுபவம் இருந்தும் நெஞ்சு படபடத்தது. தனியாக எழுத்துக் கூட்டும் புத்தகம் வாங்கினேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ரொட்டி வாங்கப் போனோம். கடைக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, "திங்கட்கிழமை மூடியிருக்குமாம்" என்றான். நான் அந்தத் தாளைக் கவனிக்கவே இல்லை. அதன் பிறகு நிற்கவில்லை, சாலையில் இருக்கிற எல்லாவற்றையும் படித்தான். சில பிள்ளைகளுக்கு டிசம்பரில் வருகிறது, சிலருக்கு ஏப்ரலில், ஒரு சிலருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று பிப்ரவரியிலேயே எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று பள்ளியைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அதைக் கேட்போம்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளிக்குப் போனால் தவித்துப் போவார்கள் என்கிறீர்கள். மகள் 2023-இல் போனாள். முதல் மூன்று மாதம் கஷ்டப்பட்டாள். மணிக்கு ஒரு ஆசிரியர், ஒவ்வொரு வாரமும் மதிப்பெண். முதல் பிரெஞ்சுத் தேர்வில் 20-க்கு 9. வீட்டில் அழுதாள், நானும் அழுதேன். இரண்டாம் பருவத்தில் சமாளித்துக்கொண்டாள். இப்போது சராசரி 13, 14. வகுப்பில் முதல் ஆள் அல்ல. ஆனால் புரியவில்லை என்றால் கையைத் தூக்கிப் புரியவில்லை என்கிறாள். அதைச் சொல்ல நான் காரைக்காலில் ஒரு நாளும் துணிந்ததில்லை.

வேறு இடத்தில் நடந்ததையும் பார்க்கலாம். பிரான்சின் வடக்கே, லீல் நகரத்தை ஒட்டிய மோன்ஸ்-ஆன்-பாரல் என்ற ஊரில், ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் ஓர் அரசுப் பள்ளி. 2001-இல் அங்கே ஃபிரெனே முறையில் வேலை செய்யும் ஆசிரியர் குழு ஒன்று மொத்தமாக வந்தது. லீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில வருடம் கூடவே இருந்து கவனித்தார்கள். பள்ளியில் அடிதடி குறைந்தது, பிள்ளைகளின் அடைவும் மெல்ல உயர்ந்தது. "குழு மொத்தமாக வந்தது" என்ற இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் பள்ளியில் போன வருடம் உடைந்தது அதுதான்.

இன்னொன்று. இந்த மாதிரிப் பள்ளி வேண்டும் என்று பணம் கட்டிச் சேர்க்கிற குடும்பங்களும் பிரான்சில் உண்டு.  நமக்கு அது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கட்டணம் இல்லாமல், கரும்பு வெட்டுகிறவர் பிள்ளையும் டாக்டர் பிள்ளையும் ஒரே மேசையில் உட்காரும்படி இருக்கிறது. ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்பக் கட்ட யாராலும் ஆகாது. பிடிக்காதவர்கள் மேரியில் விதிவிலக்குக் கேட்டு வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதில் தப்பில்லை. அப்படிப் போகிற பிள்ளையின் அம்மா என் தோழியாகவே இருப்பாள். இருக்கிற பிள்ளைகளிடமிருந்து மட்டும் இதை எடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆசிரியர்களும் பெற்றோரும் கூடும் பள்ளி மன்றத்தில், வகுப்பு எத்தனையோ அத்தனை பெற்றோர் பிரதிநிதிகள் உட்காரலாம். இத்தனை வருடத்தில் அங்கே நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? எனக்குத் தெரிந்து இரண்டு. அதில் ஒன்று நான், அதுவும் போன வருடம்தான். பிரெஞ்சு சரியாக வராதே என்று தயங்குகிறோம். என் பிரெஞ்சு எப்படி என்று உங்களுக்கே தெரியும். நிறுத்தி நிறுத்திப் பேசினேன், காத்திருந்து கேட்டார்கள்.

தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். இந்த மாதம் செவ்வாய், வியாழன் காலைகளில், ஒரு நேரத்துக்கு இரண்டு பெற்றோர் வீதம் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். பெயர் எழுத ஒரு தாள் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கிறது. பிரெஞ்சு வேகமாகப் போனால் நான் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். காலை வேலைக்குப் போகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள், வேறு நேரம் கேட்டுப் பார்க்கலாம். பள்ளி மன்றம் கூடுவதற்கு முந்தைய சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே இடத்தில் உட்காருவோம். ஆசிரியர் பணியிடம், பிப்ரவரிச் சந்திப்பு, நமக்குப் புரிகிற அறிக்கை, கேலி விஷயத்தில் பெரியவர்கள் எப்போது இறங்க வேண்டும் என்பது, இவற்றை வைத்துப் புது விண்ணப்பம் ஒன்று எழுதுவோம். பார்த்த பிறகும் பழைய காகிதம்தான் சரி என்று தோன்றினால் அதில் கையெழுத்துப் போடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நான் மூன்று நோட்டுகள் எடுத்து வருகிறேன். மகளின் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. கூடவே, ஆய்வாளருக்கு நான் எழுதி அனுப்பாமல் வைத்திருக்கும் கடிதமும் இருக்கும். புரட்டிப் பாருங்கள். சுண்டலும் டீயும் என் பொறுப்பு.

அன்புடன்,
காரைக்காலிலிருந்து வந்த, இரண்டு பிள்ளைகளின் அம்மா